கண்ணில் தெரியும் மூளை அழுத்தம்

திடீரென மண்டையைப் பிளப்பதுபோன்ற தலைவலி, வாந்தி, பின்னங்கழுத்து விறைப்பு, சிலருக்கு மயக்கம். மூளையைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறைகளுக்கு இடையே இரத்தம் கசியும்போது தோன்றும் அறிகுறிகள் இவை. பக்கவாத பாதிப்புகளில் இதன் பங்கு ஏறத்தாழ 5% மட்டுமே. ஆயினும், உழைத்துப் பொருளீட்டும் நடுத்தர வயதினரையே இது அதிகம் தாக்குவதால், ஒரு குடும்பத்தின் வருவாயே நின்றுபோகிறது.

தலைக்காயமும், மூளை இரத்தநாளத்தில் உருவாகும் புடைப்பு வெடிப்பதும் இதற்கு முக்கியக் காரணங்கள். கசிவை நிறுத்திவிட்டால் ஆபத்து நீங்கிவிட்டது என்று கருதிவிட முடியாது. உறைந்த இரத்தம் மூளைத் திரவத்தின் ஓட்டத்தைத் தடுத்து, மண்டைக்குள் அழுத்தத்தைக் கூட்டலாம். நான்காம் நாளிலிருந்து இரண்டு வாரங்கள் வரை இரத்தநாளங்கள் சுருங்கி, மூளையின் ஒரு பகுதிக்கு இரத்தம் செல்லாமல் போகலாம். எனவே, இந்நோயாளிக்குத் தேவைப்படுவது பல நாள் இடைவிடாத கண்காணிப்பு.

அழுத்தத்தைத் துல்லியமாக அளக்க மண்டையோட்டில் துளையிட்டுக் குழாய் செலுத்த வேண்டும். அதற்கு நரம்பியல் அறுவை நிபுணர் தேவை. தொற்று அபாயமும் உண்டு. அடிக்கடி சி.டி. ஸ்கேன் எடுப்பதென்றால், கவலைக்கிடமான நோயாளியை ஒவ்வொரு முறையும் இடம் மாற்ற வேண்டியிருக்கும்.

இங்குதான் கண்ணின் அல்ட்ராசவுண்ட் பரிசோதனை கைகொடுக்கிறது. பார்வை நரம்பு, மூளையின் நீட்சியே. மூளையைச் சூழ்ந்துள்ள உறையும் திரவமும் அந்நரம்பையும் சூழ்ந்துள்ளன. மண்டைக்குள் அழுத்தம் உயர்ந்தால் நரம்பின் உறையும் விரியும். மூடிய இமையின் மீது களிம்பு தடவி, விழிக்கோளத்துக்கு 3 மி.மீ. பின்னால் அந்த உறையின் விட்டத்தை அளக்கிறார்கள். அது 5 முதல் 6 மி.மீ.-ஐத் தாண்டினால் அழுத்தம் கூடியிருக்கலாம் என ஐயுற வேண்டும். சில நிமிடங்களில், கதிர்வீச்சின்றி, படுக்கையருகிலேயே இது முடிந்துவிடும். விழிக்குள் இரத்தம் கசிந்திருந்தால் அதுவும் தெரியும். பிரெஞ்சு கண் மருத்துவர் ஆல்பர்ட் டெர்சன் 1900-இல் விவரித்த இந்நிலை, மயக்கத்தில் உள்ள நோயாளியால் சொல்ல இயலாத ஒன்று.

இதற்கு வரம்புகளும் உண்டு. எல்லோருக்கும் பொருந்தும் ஒரே எல்லை அளவு இல்லை. முடிவு, அளப்பவரின் பயிற்சியைப் பொறுத்தது. இரத்தநாளச் சுருக்கத்தை இது நேரடியாகக் காட்டாது. விழி கிழிந்திருந்தால் இதைச் செய்யக் கூடாது. அளவு இயல்பாக இருக்கிறது என்பதற்காக சி.டி. ஸ்கேனைத் தவிர்ப்பதும் தவறு.

பொருளாதாரம் பயின்றவன் என்ற முறையில், இதைத் தகவலின் மதிப்பு பற்றிய கேள்வியாகவே பார்க்கிறேன். நிபுணர்களும் தீவிர சிகிச்சைப் படுக்கைகளும் குறைவாக உள்ள இடத்தில், யாரை முதலில் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவது என்பதே கடினமான முடிவு. அதற்கு உதவும் தகவல், ஏற்கெனவே உள்ள கருவியிலிருந்து பயிற்சிச் செலவில் கிடைக்குமென்றால், அதைப் புறக்கணிப்பது வீண்விரயம். விபத்தில் சிக்கியோருக்கு முதல் 48 மணி நேர சிகிச்சையை இலவசமாக வழங்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தை 2021-இல் தொடங்கிய தமிழகம், இதில் முன்னோடியாகலாம்.

தடையாக நிற்கக்கூடியது சட்ட நடைமுறை. கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டின் சட்டம், ஸ்கேன் கருவிகளின் பதிவையும் பயன்பாட்டையும் கட்டுப்படுத்துகிறது. பெண் சிசுக்களைக் காக்கும் அச்சட்டத்தைத் தளர்த்தக் கூடாது. ஆனால், கண் பரிசோதனைக்கு உதவும் உயர் அதிர்வெண் ஒலியலைகள் உடலில் ஆழமாக ஊடுருவுவதில்லை. அத்தகைய ஆய்வுமுனை மட்டுமே பொருந்தும் கருவிகளைப் பதிவு செய்து, அவசர சிகிச்சைப் பிரிவு மருத்துவர்களுக்குப் பயிற்சியளித்து, ஒவ்வொரு பயன்பாட்டையும் பதிவேட்டில் ஏற்றினால் இரு நோக்கங்களும் நிறைவேறும். இதற்குத் தேவை பெரும் நிதி ஒதுக்கீடு அல்ல. தெளிவான விதிமுறையும் முறையான பயிற்சியுமே.