சைலன்சர் பேக்கிங்கும் எமில் ஸோலாவும்

போன வாரம் தொண்டாமுத்தூர் கடைவீதியில் ஒரு பழைய அம்பாசடர் என்னைத் தாண்டிப் போய் நின்றது. இஞ்சின் பக்கமிருந்து "டிக்... டிக்... டிக்" என்று சத்தம். பின்சீட்டில் இரண்டு குழந்தைகள். ஓட்டி வந்தவர் என்னைவிட நாலைந்து வயது சின்னவர். "மேனிஃபோல்டு பேக்கிங்ல கேஸ் லீக் ஆகுதுங்க, பார்த்துக்குங்க" என்றேன். "பழைய வண்டின்னா நாலு சத்தம் இருக்கத்தானுங்க செய்யும்" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார். அந்தச் சிரிப்புக்காகத்தான் இந்தப் பதிவு.

நானும் அப்படிச் சிரித்தவன்தான். பல வருஷங்களுக்கு முன் ஒரு மழை நாள். பூண்டிக் கோயிலுக்குப் போய்விட்டு என் அம்பாசடரில் திரும்பிக்கொண்டிருந்தோம். சாரல் அடிக்கிறது என்று நாலு கண்ணாடியையும் ஏற்றிவிட்டிருந்தோம். செம்மேடு தாண்டியதும் வீட்டுக்காரிக்குத் தலைவலி. கொஞ்ச நேரத்தில், "என்னங்க, பையனை எழுப்புனா எந்திரிக்க மாட்டேங்கறான்" என்றாள். ஓரங்கட்டி, கதவைத் திறந்து, பேரனைத் தூக்கி வெளியே காற்றில் வைத்தேன். வாந்தி எடுத்தான், அப்புறம் கண் திறந்தான். ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னிடம் கேட்ட முதல் கேள்வியே வண்டியைப் பற்றித்தான்.

அன்று ராத்திரி எனக்கு ஞாபகம் வந்தது எமில் ஸோலா. நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்று பழைய பதிவுகளைப் படித்தவர்களுக்குத் தெரியும். அந்தப் பெரிய எழுத்தாளர் 1902 செப்டம்பர் 29 அன்று பாரிஸில் தன் படுக்கையறையில் இறந்துகிடந்தார். கணப்படுப்பின் புகைபோக்கி அடைத்துக்கொண்டதில் கார்பன் மோனாக்ஸைடு அறையில் நிறைந்துவிட்டது. மனைவி மட்டும் பிழைத்தார். ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தை இந்த வாயு பிடித்துக்கொள்கிறது என்று கண்டு சொன்னவரும் ஒரு பிரெஞ்சுக்காரர்தான், கிளோத் பெர்னார். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தேன். என் வண்டியிலேயே அது இருக்கும் என்று எந்த வாத்தியாரும் சொல்லவில்லை. இதற்கு நிறமில்லை, வாசமும் இல்லை. நமக்கு வரும் புகை நெடி மற்ற வாயுக்களுடையது. நெடி இல்லை என்பதற்காக ஆபத்து இல்லை என்று ஆகாது.

அந்த லீக்கை நான் கவனிக்காமல் இல்லை. இரண்டு வருஷத்தில் மூன்று தடவை பேக்கிங் மாற்றியிருந்தேன். ஒவ்வொரு தடவையும் மெக்கானிக் புதுசு போட்டு, மேலே பேஸ்ட்டையும் அப்பி, நட்டை முறுக்கி அனுப்பிவிடுவார். என் கட்சி இதுதான்: பேக்கிங் தானாகப் போவதில்லை, அது உட்காரும் இடம் சரியில்லாமல்தான் போகிறது. பேக்கிங்கைக் குறை சொல்வது, சுவர் சாய்ந்திருக்க சுண்ணாம்பைக் குறை சொல்வது மாதிரி.

1489 சிசி அம்பாசடர் இஞ்சினில் இன்லெட், எக்ஸாஸ்ட் இரண்டும் ஒரே பக்கம். சில நட்டுகளின் தடித்த வாஷர் இரண்டு மேனிஃபோல்டின் காதுகளையும் சேர்த்துப் பிடிக்கும். ஒரு காது தடிமன் கூட, ஒன்று குறைவு என்றால் வாஷர் சாய்ந்து ஒரு பக்கம்தான் அழுத்தும். எவ்வளவு முறுக்கினாலும் மறுபக்கம் ஊதும். சூட்டில் வார்ப்பு இரும்பு முகமும் கோணிவிடும். ஸ்டீல் ஸ்கேலை முகத்தில் வைத்து வெளிச்சத்தில் பாருங்கள், இடுக்கில் ஒளி தெரிந்தால் லேத்துக்குக் கொண்டுபோய் முகம் எடுக்கத்தான் வேண்டும். லேத்துக்குப் பஞ்சமில்லாத கோயமுத்தூரில் இருந்துகொண்டு இதைச் செய்யாமல் வருஷா வருஷம் பேக்கிங் வாங்குவதை என்னவென்று சொல்வது! அமெரிக்காவில் பழைய மஸ்டாங்குக்கு மெல்லிய குழாய் ஹெடர் மாட்டி ஓட்டுகிறவர்களுக்கும் இதே தொல்லைதான். அங்கே பட்டை மெலிசாக இருந்தால் இன்னும் சீக்கிரம் கோணும்.

மாட்டும்போது பழைய கரியைச் சுத்தமாகச் சுரண்டுங்கள். நடுவிலிருந்து ஓரத்துக்கு, கொஞ்சங் கொஞ்சமாக முறுக்கச் சொல்லுங்கள். பித்தளை நட்டு போட்டால் துருப்பிடித்து ஸ்டட்டோடு ஒட்டிக்கொள்ளாது. சில நாள் ஓட்டியபின், இஞ்சின் நன்றாக ஆறியதும், இன்னொரு தடவை முறுக்கிப் பார்க்க வேண்டும். இதை யாரும் செய்வதில்லை, காசு கொடுத்தாயிற்று, வண்டி வந்தாயிற்று. இன்னொன்று, அடியில் சைலன்சரைத் தாங்கும் கிளாம்பும் ரப்பரும். அது அறுந்தால் குழாயின் மொத்த கனமும் மேனிஃபோல்டில் தொங்கும். எனக்கு மூன்று பேக்கிங்கைத் தின்றதில் பாதிப் பங்கு அந்தக் கிளாம்புக்கு.

காலையில் முதல் ஸ்டார்ட்டில் டிக் டிக் என்று கேட்டு, சூடானதும் குறைந்தால் அதுதான் லீக். சூட்டில் இரும்பு விரிந்து இடுக்கை மூடுகிறது, சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். மூட்டில் கரி படிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பெடல், ஸ்டியரிங் கம்பி நுழையும் ஓட்டைகளின் ரப்பரும் கிழியாமல் இருக்க வேண்டும். புகை உள்ளே வரும் வழியே அதுதான்.

பேரன் இப்போது காலேஜில் படிக்கிறான். வருகிற ஞாயிறு வண்டியை எடுத்துக்கொண்டு பேரூர் போகலாம் தாத்தா என்றிருக்கிறான். போன மாதம்தான் முகம் எடுத்து மாட்டியது, இரண்டாம் முறுக்கு பாக்கி. சனிக்கிழமை காலை ஸ்பேனரோடு உட்கார வேண்டும்.