வேப்பிலை இருக்கட்டும், ஊசியும் போடுங்கள்!

"போன தடவை ஊசி போட்டு ரெண்டு நாள் காய்ச்சல், டாக்டர். நீங்க சித்த வைத்தியர்தானே... இனிமே வேண்டாம்னு சொல்லிடுங்க!" 9 மாதக் குழந்தையோடு வந்த ஒரு தாய் கேட்டார். அடுத்துப் போடவேண்டியது தட்டம்மை - ரூபெல்லா ஊசி.

சொல்ல மாட்டேன், அம்மா! அம்மை கண்டால் வீட்டில் வேப்பிலை வைப்போம், நல்ல வழக்கம்தான். ஆனால் தட்டம்மை முற்றி நிமோனியா ஆகலாம், பார்வையும் போகலாம். அதை வேப்பிலையும் தடுக்காது, என் கஷாயமும் தடுக்காது. ஊசிக்குப் பின் வரும் லேசான காய்ச்சல் பெரும்பாலும் ஓரிரு நாளில் அடங்கிவிடும்.

9 மாதம் முடிந்ததும் முதல் ஊசி, 16 - 24 மாதத்துக்குள் இரண்டாவது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். தேதி தவறிவிட்டதா? பரவாயில்லை, அட்டையை எடுத்துக்கொண்டு இன்றே கிளம்புங்கள். என் பிள்ளைகளுக்கும் நான் ஊசி போட்டுத்தான் வளர்த்தேன்!