இரவல் பாட்டும் சொந்தப் பாட்டும்

நம் சங்க விழாக்களில் மெல்லிசைக் கச்சேரி இல்லாத பொங்கல் உண்டா? கிடாரும் கீபோர்டும் மேடையேறியதுமே துண்டுச்சீட்டுகள் பறக்க ஆரம்பித்துவிடும். அத்தனையும் சினிமாப் பாட்டுகள். குழுவினரும் சளைக்காமல் வாசிக்கிறார்கள். ஆனால், "நீங்களே மெட்டமைத்த பாட்டு ஏதாவது உண்டா?" என்று கேட்டு ஒரு சீட்டாவது மேடைக்குப் போனதுண்டா?

ஆனேக்கலில் எங்கள் பக்கத்துத் தெருவில் ஓர் இளைஞர் இருக்கிறார். பகலில் தொழிற்சாலை வேலை. வார இறுதியில் ஆர்கெஸ்ட்ராவில் கீபோர்டு. சொந்தமாகச் சில பாடல்கள் வைத்திருக்கிறார், மேடையில் மட்டும் பாடுவதில்லை. தெரியாத பாட்டைத் தொடங்கினால் கூட்டம் காபி குடிக்க எழுந்து போய்விடும், அடுத்த வருடம் குழுவைக் கூப்பிட மாட்டார்கள் என்று பயப்படுகிறார். நியாயமான பயம்தான். அதற்குக் காரணம் ரசிகர்களாகிய நாம்.

பிறர் பாட்டை வாசிப்பது தாழ்வென்று நான் சொல்ல வரவில்லை. தியாகராஜரின் கிருதிகளைத் தலைமுறை தலைமுறையாகப் பாடித்தானே கர்நாடக சங்கீதம் வளர்ந்தது! இளையராஜாவும் அண்ணன் பாவலர் வரதராஜனின் குழுவில் ஊர் ஊராக வாசித்தவர். பிறகு எஸ்.பி.பாலசுப்ரமணியத்தின் மெல்லிசைக் குழுவில் வாசித்தார்; கன்னடப் படங்களுக்கு இசையமைத்த ஜி.கே.வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தார். 1976-இல் 'அன்னக்கிளி' வருவதற்கு முன் இத்தனை பயிற்சி. ரயில்வேயில் டிப்ளமாவோடு சேர்ந்த நாங்களும், முன்னோர் போட்ட பாதையைப் பராமரித்துத்தான் தொழில் கற்றோம். ஆனால் புதுப் பாதை போட ஒருவரும் முன்வராவிட்டால், ரயில் போன ஊருக்கேதான் போய்க்கொண்டிருக்கும்.

இதில் வயிற்றுப்பாடும் இருக்கிறது. 2012-இல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டபின், திரையரங்குக்கு வெளியே சினிமாப் பாட்டு பயன்படும்போது கவிஞருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டியில் பங்கு உண்டு. ஒரு பாட்டின் உரிமை ஆக்கியவரின் ஆயுள் முழுவதும், அதன்பின் 60 ஆண்டுகளும் நீடிக்கிறது. அதை மேடையில் வாசிப்பவருக்கோ பெரும்பாலும் அன்றைய சம்பளத்தோடு சரி. 2017-இல் எஸ்.பி.பி. அமெரிக்காவில் கச்சேரிப் பயணத்தில் இருந்தபோது, இளையராஜாவின் பாடல்களை அனுமதியின்றிப் பாடக்கூடாது என வக்கீல் நோட்டீஸ் வந்தது நினைவிருக்கும். யார் பக்கம் நியாயம் என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. அந்தப் பாடல்களுக்குக் குரல் கொடுத்தவருக்கே அந்த நிலை என்றால், நம் தெரு இளைஞர் எம்மாத்திரம்?

சொந்தப் பாட்டு எடுபடாது என்பதும் சரியல்ல. இதே பெங்களூரில் 1996-இல் தோன்றிய 'தெர்மல் அண்ட் எ குவார்ட்டர்' குழு சொந்த ஆங்கிலப் பாடல்களாலேயே பெயர் பெற்றது. 2003-இல் பிறந்த 'அகம்' குழு, பழைய கிருதிகளையும் கிடார், ட்ரம்ஸோடு தன் பாணியில் புதிதாக்கிக் காட்டியது. சென்னையில் 2018-இல் மேடையேறிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்', கானா மெட்டில் தன் மக்களின் கதையைத் தானே எழுதிப் பாடியது.

நம் கதையை யார் பாடுவது? வீட்டில் தமிழும் வீதியில் கன்னடமுமாக வளரும் நம் பேரப்பிள்ளைகள், அத்திபெலே தாண்டித் தினமும் வேலைக்குப் போய்வரும் மனிதர்கள், இவர்களைப் பற்றிச் சென்னையில் எழுதப்படும் சினிமாப் பாட்டு எதற்குக் கவலைப்படப் போகிறது? இங்கே வாழ்பவர்தான் எழுதவேண்டும்.

ஆகவே செயற்குழுவினருக்கு ஒரு வேண்டுகோள். கச்சேரிக்குப் பேசி முடிக்கும்போதே, 20 பாட்டில் 2 பாட்டு குழுவினரின் சொந்தப் பாட்டாக இருக்கவேண்டும் என்று சொல்லிவிடுங்கள். அவற்றைக் கச்சேரியின் நடுவில் வையுங்கள். கடைசியில் வைத்தால் காலி நாற்காலிகள்தான் கேட்கும். பாடல் வரிகளை நம் இதழில் முன்கூட்டியே அச்சிட்டால், கேட்பவர்களுக்கும் பழக்கமாகும். சபையிலிருப்பவர்கள் அந்தப் பத்து நிமிடம் எழாமல் உட்கார்ந்திருந்தால் போதும். வரும் பொங்கலுக்கே இதைத் தொடங்கலாமே!