பஞ்சக் கதை பிள்ளைகளுக்குப் பாரமா?

அமெரிக்காவின் பெரும் பொருளாதார மந்தத்தில் அலையும் அனாதைச் சிறுவனைப் பற்றி கிறிஸ்டோபர் பால் கர்டிஸ் 1999இல் எழுதிய ‘பட், நாட் பட்டி’ போன்ற வரலாற்று நாவல்கள், அதாவது மெய்யான கடந்தகாலச் சூழலில் கற்பனை மாந்தரை நடமாடவிடும் கதைகள், வறுமையை நேரில் அறிந்த வடசென்னையின் ராயபுரம், திருவொற்றியூர்ப் பிள்ளைகளுக்குப் பாரம் என்னும் வாதம், இரக்கத்தின் பெயரால் அவர்களைக் குறைத்து மதிப்பிடுகிறது. 1936ஆம் ஆண்டின் மிச்சிகனில், இலவச உணவு வரிசைக்குத் தாமதமாக வந்த அச்சிறுவனை, முன்பின் அறியாத குடும்பமொன்று தன் பிள்ளையென நடித்துச் சேர்த்துக்கொள்ளும் காட்சி, வறியோர் ஒருவருக்கொருவர் துணைநின்ற விதத்தைக் காட்டுகிறது.

அத்தகைய வரிசை ராயபுரத்துக்குப் புதிதன்று. மைசூர் ஆட்சியாளர் ஐதர் அலியுடன் ஆங்கிலேயர் நடத்திய போரை ஒட்டிய பஞ்சத்தில், 1782இல் தோன்றிய மணியக்காரர் சத்திரம் ‘கஞ்சித் தொட்டி’யாக, அதாவது பசித்தோருக்குக் கஞ்சி வார்க்கும் இடமாக விளங்கியதால், அதையொட்டி வளர்ந்த இன்றைய ஸ்டான்லி மருத்துவமனையும் மக்கள் வழக்கில் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி ஆயிற்று. எண்ணூர் வழியே செல்லும் பக்கிங்காம் கால்வாயில், கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி, 1877–78 பஞ்ச நிவாரணப் பணியாகவே வெட்டப்பட்டது.

கண்ணீரோடு நின்றுவிடும் கற்பித்தல் சோர்வு தரும் என்பது மெய்யே. ஆனால் அது கற்பிக்கும் முறையின் குறையேயன்றி நாவலின் குறையன்று. ஆகவே இத்தகைய நாவலையும் சென்னையின் பஞ்ச வரலாற்றையும் அடுத்தடுத்து வைத்துப் பயிற்றுவதே ஆசிரியர்கள் செய்யத்தக்கது.