கையெழுத்துச் சாவி யார் கையில்?

நாமக்கல் முட்டை கடல் கடந்து போகிறது. திருச்செங்கோட்டு ரிக் வண்டி வட நாடெல்லாம் சுற்றுகிறது. சேலத்து ஜவ்வரிசி மகாராஷ்டிரத்துக்கும் மேற்கு வங்காளத்துக்கும் போகிறது.

சரக்குக்கு முன்னால் கடிதம் போகிறது. இன்று அது தபால்காரர் கொண்டுவரும் கடிதம் அல்ல. கம்ப்யூட்டரில் வரும் மின்னஞ்சல். அதை நம்பலாமா?

பொய்க் கடிதம்

ஓர் உதாரணம் பார்ப்போம்.

ஒரு கோழிப் பண்ணைக்காரர் மத்தியப் பிரதேச வியாபாரியிடம் சோயாப் புண்ணாக்கு வாங்குகிறார். சரக்கு வந்துவிட்டது. பணம் அனுப்ப வேண்டும். அந்த நேரத்தில் ஒரு மின்னஞ்சல் வருகிறது.

"எங்கள் பாங்கிக் கணக்கு மாறிவிட்டது. இனி இந்தக் கணக்கில் பணம் போடுங்கள்."

வியாபாரியின் பெயர் இருக்கிறது. பில் நம்பரும் சரி. பண்ணைக்காரர் பணத்தைப் போட்டுவிட்டார். ஒரு வாரம் கழித்து வியாபாரி போன் செய்கிறார். "பணம் எங்கே?" என்கிறார்.

பணம் மோசடிப் பேர்வழியின் கணக்குக்குப் போய்விட்டது! மின்னஞ்சல் முகவரியில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. அதைக் கவனித்தவர் இல்லை.

இத்தகைய மோசடி உலகம் முழுவதும் நடக்கிறது. இதில் இரண்டு குற்றம் இருக்கிறது. ஒருவர் கடிதத்தைத் திருட்டுத்தனமாகப் படித்தது ஒன்று. அடுத்தவர் பெயரில் எழுதியது மற்றொன்று. முதல் குற்றத்தைத் தடுக்கப் பூட்டு இருக்கிறது. இரண்டாவதைத் தடுக்கக் கையெழுத்து இருக்கிறது.

கோவில் உண்டியல்

கோவில் உண்டியலில் யாரும் காசு போடலாம். சாவி உள்ளவர்தான் திறக்க முடியும். மின்னஞ்சல் பூட்டும் அப்படித்தான்.

உங்களுக்கு இரண்டு சாவி உண்டு. ஒன்று ஊரறிந்த சாவி. உங்களுக்கு எழுதுபவர்கள் அதைக் கொண்டு கடிதத்தைப் பூட்டுவார்கள். மற்றது இரகசியச் சாவி. அது உங்களிடம் மட்டும் இருக்கும். அதுதான் திறக்கும்.

இந்த யோசனையை 1976-ல் அமெரிக்காவில் டிஃபி, ஹெல்மன் இருவரும் வெளியிட்டார்கள். சாதாரண மக்களும் மின்னஞ்சலைப் பூட்ட 1991-ல் பில் சிம்மர்மன் என்பவர் 'பி.ஜி.பி.' என்ற கருவியைச் செய்து கொடுத்தார். அதற்காக அமெரிக்க அரசாங்கம் அவர்மீது விசாரணை நடத்தியது! 1996-ல் விசாரணை கைவிடப்பட்டது.

இன்று 'மெயில்வெலப்' போன்ற கருவியை பிரவுசரில் சேர்த்துக்கொண்டால், ஜிமெயில் கடிதத்தையே பூட்டி அனுப்பலாம். திருடன் பாஸ்வேர்டைப் பறித்தாலும் பூட்டிய கடிதத்தைப் படிக்க முடியாது.

மூன்று விஷயம் நினைவில் வேண்டும். பெறுபவரிடமும் சாவி இருக்க வேண்டும். கடிதத்தின் தலைப்பு வரி பூட்டப்படாது. அங்கே இரகசியம் எழுதக்கூடாது. சாவி தொலைந்தால் பழைய கடிதம் உங்களுக்கே திறக்காது. நகல் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள்.

டிஜிட்டல் கையெழுத்து

கையெழுத்து இதற்கு நேர் எதிர். இரகசியச் சாவியால் போடுவது. ஊரறிந்த சாவியால் சரிபார்ப்பது. கணக்கு நம்பரில் ஓர் எண் மாறினாலும், "கையெழுத்துப் பொருந்தவில்லை" என்று கம்ப்யூட்டர் காட்டிக்கொடுத்துவிடும்.

ஆனால் மோசடிக்காரனும் பிறர் பெயரில் ஒரு சாவி செய்யலாம். ஆகவே, முதல் தடவை போனில் பேசிச் சாவியைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 அக்டோபர் 17-ல் நடைமுறைக்கு வந்தது. மைக் கையெழுத்துக்குள்ள மதிப்பை அது டிஜிட்டல் கையெழுத்துக்கும் கொடுத்தது. அதற்கு அரசு உரிமம் பெற்ற நிறுவனத்தின் சான்று வேண்டும். நாமே செய்துகொண்ட சாவிக்கு அந்தச் சட்ட மதிப்பு கிடையாது. உயில் எழுத டிஜிட்டல் கையெழுத்து செல்லாது.

சான்று, பென் டிரைவ் போன்ற ஒரு சிறு டோக்கனில் வருகிறது. அரசு டெண்டர் போடவும், கம்பெனிக் கணக்கைத் தாக்கல் செய்யவும் அது தேவைப்படுகிறது.

ஆபத்து இங்கேதான்!

டோக்கனையும் அதன் பின் நம்பரையும் ஆடிட்டர் ஆபீசிலோ, டெண்டர் போட்டுக் கொடுக்கும் கடையிலோ விட்டுவைப்பவர்கள் இருக்கிறார்கள். "நமக்கு இதெல்லாம் என்ன தெரியும்?" என்கிறார்கள்.

வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டு யாரிடமாவது கொடுப்பீர்களா? இதுவும் அதுதான்!

சட்டத்தின் 42-வது பிரிவு தெளிவாக இருக்கிறது. சாவியைக் காப்பது சான்று பெற்றவரின் கடமை. சாவி பிறர் கைக்குப் போய்விட்டால், சான்று கொடுத்த நிறுவனத்துக்கு உடனே தெரிவிக்க வேண்டும். தெரிவிக்கும் வரை பொறுப்பு அவருடையதே. "நான் போடவில்லை, ஆபீஸ் பையன் போட்டான்" என்று சொல்லித் தப்புவது எளிதல்ல.

வேலையை ஆடிட்டர் செய்யட்டும். கையெழுத்துப் போடும் நேரத்தில் டோக்கனுடன் நீங்கள் போங்கள். உங்களுக்குப் பழக்கம் இல்லாவிட்டால் படித்த மகளையோ மகனையோ பக்கத்தில் வைத்துக் கற்றுக்கொள்ளுங்கள்.

"கணக்கு மாறிவிட்டது" என்று கடிதம் வந்தால், பழைய நம்பருக்குப் போன் செய்து கேளுங்கள். கடிதத்தில் உள்ள நம்பரை நம்பாதீர்கள். பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930-க்கு போன் செய்யுங்கள்.

நம் பாட்டிமார் பணப்பெட்டிச் சாவியை இடுப்பில் செருகியிருந்தார்கள். பெற்ற பிள்ளை கேட்டாலும் எதற்கு என்று விசாரித்த பிறகுதான் கொடுப்பார்கள். இந்தச் சின்ன டோக்கனும் பணப்பெட்டிச் சாவிதான். அது உங்கள் கையிலேயே இருக்கட்டும்!