பால் குடிக்கிற பிள்ளைக்கு ஏன் வேர்க்குது?

பால் குடிக்கும்போது பிள்ளைக்கு நெற்றி வேர்த்தா, எங்க ஊர்ல "சூட்டு உடம்பு" என்பாங்க. ரெண்டு வாய் குடிச்சிட்டு மூச்சு வாங்கினா "சோம்பேறிப் பிள்ளை". எடை ஏறலைன்னா "கண்ணு பட்டிருச்சு, சுத்திப் போடு". அடிக்கடி நெஞ்சுச்சளி வந்தா தாய்க்காரி தின்ன வாழைப்பழத்து மேல பழி. இந்த நாலும் ஒரே பிள்ளைகிட்ட இருந்தா இதயத்துல ஓட்டை இருக்கலாம்னு யாரும் நினைக்கிறதில்லை.

இது அபூர்வமான நோய் இல்லீங்க. ஆயிரம் குழந்தை பிறந்தா ஏறக்குறைய 8 குழந்தைக்குப் பிறவியிலேயே இதயக் குறை இருக்கு. அதுல அதிகம் பார்க்கிறது கீழறைகளுக்கு நடுச்சுவர்ல விழுற ஓட்டை. சின்ன ஓட்டை பலதும் தானா மூடிக்கும். ஆனா காத்திருக்கலாம்னு எக்கோ பார்த்த டாக்டர்தான் சொல்லணும், திண்ணையில உட்கார்ந்திருக்கிறவங்க இல்லை.

பெரிய ஓட்டைன்னா நுரையீரலுக்கு ரத்தம் அளவுக்கு மீறிப் பாயும். நாளாக ஆக அங்குள்ள ரத்தக்குழாய்கள் தடிச்சு இறுகிடும். அது முத்திப்போனா அப்புறம் ஓட்டையை அடைக்கவே முடியாது. அதனாலதான் பெரிய ஓட்டைக்கு வழக்கமா ஒரு வயசுக்குள்ளயே ஆபரேஷன் செய்றாங்க. காலத்துல செஞ்சா பெரும்பாலான பிள்ளைங்க மத்த பிள்ளைங்க மாதிரியே ஓடியாடி வளருதுங்க. உதடு, நாக்கு நீலம் பூத்தா அது வேற வகைக் குறையா இருக்கலாம், அன்னைக்கே கிளம்பணும்.

பணம் இல்லைன்னு முன்னே மாதிரி கைவிட வேண்டியதில்லை. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல இந்த ஆபரேஷன்கள் உண்டு. 2013-ல வந்த தேசியச் சிறார் நலத் திட்டத்துல, அங்கன்வாடிக்கு வருஷம் ரெண்டு தடவை டாக்டர் குழு வந்து பார்க்கணும். என் பார்வையில, இப்போ பிள்ளையைக் கொல்றது "கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்"ங்கிற பேச்சும், "கிரகணத்தப்போ வெளிய வந்தியா?"ன்னு தாயைக் குடையிற கேள்வியும்தான். பல பிள்ளைங்களுக்கு இன்ன காரணம்னு டாக்டராலயே சொல்ல முடியாது. கிரகணத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை.

திட்டம் கொடுக்காத செலவும் இருக்கு. போன நாளுக்குக் கூலி போச்சு. மாட்டை யார் கறப்பா? தெரியாத பட்டணத்துல ராத்திரி எங்க தங்குறது? இதுக்கு பயந்தே பாதிப் பேர் நாளைத் தள்ளுறாங்க.

நகரத்துல இருக்கிற உங்களுக்குத்தான் ஊர்ச்சொந்தம் முதல்ல போன் போடும். "சரியாகிடும்"னு ஆறுதல் சொல்லாதீங்க. "எக்கோ எடுத்தாச்சா?"ன்னு கேளுங்க. எடுக்கலைன்னா வரச் சொல்லி, உங்க வீட்டுல பாய் விரிக்க இடம் கொடுங்க.