குறிப்பேட்டில் இடம்பெறாத புண்கள்

இருமலுக்காக ஒரு குழந்தையைத் தூக்கி வருகிறார்கள். அதன் முழங்காலுக்குக் கீழே பொருக்கு கட்டிய நான்கைந்து புண்கள். நெஞ்சைச் சோதித்து இருமலுக்கு மருந்து எழுதி அனுப்பிவிடுகிறோம். புண்கள் குறிப்பேட்டில் ஏறுவதே இல்லை. வடக்கு ஆஸ்திரேலியாவின் தொலைதூரப் பழங்குடிக் குடியிருப்புகளில், ஏறத்தாழ 45 விழுக்காடு குழந்தைகளுக்கு எந்த நேரத்தில் பார்த்தாலும் சீழ்ப்புண் இருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. இவ்வளவு பரவலான நோய், மருத்துவர் கண்ணுக்கும் பழகிப்போகிறது. ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

சிரங்குப் பூச்சி தோலைக் குடைகிறது. சொறிந்த இடத்தில் ஏ வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் நுழைகிறது. மூன்று முதல் ஆறு வாரங்களில் சிலருக்குச் சிறுநீரகம் அழற்சியுறும்: காலையில் முகம் வீங்கும், சிறுநீர் வரக்காப்பி நிறத்தில் போகும், ரத்த அழுத்தம் ஏறும். ருமாட்டிக் காய்ச்சலுக்குத் தொண்டைத் தொற்றே காரணம் என்று படித்தோம். தொண்டையைவிடத் தோலிலேயே இக்கிருமி மிகுந்திருக்கும் இக்குடியிருப்புகளில், தோலுக்கும் அதில் பங்குண்டு என்ற கருத்து வலுத்துவருகிறது. அக்காய்ச்சலால் இதய வால்வு கெட்டுவிட்டால், நான்கு வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி எனப் பல ஆண்டுகள் ஓடும்.

மருந்து இல்லாமல் இல்லை. சீழ்ப்புண் கொண்ட 508 குழந்தைகளிடம் நடந்து 2014இல் வெளியான ஆய்வில், சில நாள் கோ-டிரைமாக்சசோல், வலிமிகுந்த பென்சிலின் ஊசிக்கு இணையாகப் பலன் தந்தது. ஃபிஜி தீவுகளில் ஊர் முழுவதற்கும் ஐவர்மெக்டின் கொடுத்தபோது, ஓராண்டில் சிரங்கு 32.1 விழுக்காட்டிலிருந்து 1.9 ஆகக் குறைந்தது. சீழ்ப்புண்ணும் கூடவே குறைந்தது.

ஆனால் பத்துப் பேர் நெருங்கிப் படுக்கும் வீட்டில் ஒருவருக்கு மட்டும் சிரங்குக் களிம்பான பெர்மெத்ரின் கொடுத்துப் பயனில்லை. குழாயும் சாக்கடையும் பழுதாகிக் கிடக்கும் வீட்டாருக்குச் சுத்தத்தைப் பற்றி அறிவுரை சொல்வது அநியாயம். தெற்கு ஆஸ்திரேலியாவின் பிட்ஜன்ட்ஜட்ஜாரா மக்களின் நிலத்தில் 1980களில் உருவான வீட்டுநலத் திட்டம், குழந்தையைக் குளிப்பாட்ட வசதி செய்வதையே முதல் வேலையாக வைத்தது. அந்த வரிசை இன்றும் சரியானது.

எதற்காக வந்த குழந்தையானாலும் தோலை முழுதாகப் பாருங்கள், கண்டதை எழுதுங்கள். புண் இருந்தால் அன்றே சிகிச்சையைத் தொடங்குங்கள். சிரங்கென்றால் வீட்டார் அனைவருக்கும் மருந்து கொடுங்கள். அந்த ஊர்ச் சுகாதாரப் பணியாளரைக் கலந்து, வீட்டாருக்கு அவர்கள் மொழியிலேயே விளக்குங்கள். பழுதான குழாயை வீட்டுவசதித் துறைக்கு எழுத்தில் தெரிவியுங்கள். அதுவும் சிகிச்சையின் ஒரு பகுதியே.